சிங்கப்பூர் – நியூயார்க் தூரம் 5,321 என்று வருகிறது, அவசர உதவி

ஷீட்டுக்காரன்:
வணக்கம். சிங்கப்பூர் – நியூயார்க் விமான தூரம் 15,000-க்கு மேல் வர வேண்டும். எனக்கு 5,321 வருகிறது. ஃபார்முலா சரிதான், மூன்று தடவை பார்த்துவிட்டேன். நாளை கொடுக்க வேண்டிய வேலை, யாராவது சொல்லுங்கள்.

கரிசல்காடு:
5,321 எது? மைலா, கிலோமீட்டரா? எதில் போடுகிறீர்கள்? என்ன ஃபார்முலா?

மேகநாதன்_77:
கடல் மைலாகத்தான் இருக்கும். விமானத்துறையில் எல்லாமே கடல் மைல். 1.852-ஆல் பெருக்குங்கள்.

கரிசல்காடு:
பெருக்கினாலும் 9,850 தானே வருகிறது? சாதா மைல் என்றால் 8,560. இரண்டுமே எட்டவில்லை.

தெற்குவாசல்:
டிகிரியை ரேடியனாக (கோணத்தின் இன்னொரு அலகு) மாற்றினீர்களா? பத்தில் ஒன்பது பேர் கோட்டை விடுகிற இடம் அது.

கோளவியல் வாத்தியார்:
கோளத்தின் மேல் தூரம் என்றால் என்ன என்று தெரியாமல் ஃபார்முலாவை மட்டும் ஒட்டினால் இப்படித்தான். முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள் தம்பி. பூமி ஆரம் எவ்வளவு போட்டீர்கள்? 6,371-ஆ, 6,378-ஆ?

தெற்குவாசல்:
ஐயா, ஆரத்தை மாற்றினால் 17 கிலோமீட்டர் கூடும். இங்கே காணாமல் போனது பத்தாயிரம்.

ஷீட்டுக்காரன்:
கூகுள் ஷீட், ஹாவர்சைன் (உருண்டையின் மேல் இரு இடங்களுக்கு இடையிலான தூரம் காணும் ஃபார்முலா), கிலோமீட்டர், ஆரம் 6,371. ரேடியன் மாற்றியாகிவிட்டது. அட்சரேகை, தீர்க்கரேகை: சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் 1.36, 103.99. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் 40.64, 73.78.

கரிசல்காடு:
இதை முதலிலேயே போட்டிருக்கலாம். நியூயார்க் மேற்கு தீர்க்கரேகையில் இருக்கிறது. 73.78-க்கு முன்னால் மைனஸ் வேண்டும். இப்போது நீங்கள் போட்டிருக்கும் இடம் கிர்கிஸ்தானில், ஓஷ் நகருக்குக் கொஞ்சம் கிழக்கே. அங்கே போக 5,321 சரியான கணக்குதான்!

மேகநாதன்_77:
சரி, மைனஸ் போட்டாலும் வருவது காகிதத் தூரம். அந்த நேர்வழி வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் போகிறது. விமானம் அப்படியா போகிறது?

தெற்குவாசல்:
துருவ வழியில் விமானங்கள் போகின்றனவே. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடிய பிறகு பின்லாந்து விமான நிறுவனமான ஃபின்னேர் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்குத் துருவத்தைத் தாண்டித்தான் பறந்தது. முன்பு 9 மணி நேரம், அப்புறம் 13.

மேகநாதன்_77:
அது வேறு கதை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழிதான். மேற்கிலிருந்து அடிக்கும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும். தூரம் கூடும், நேரம் கூடாது.

கோளவியல் வாத்தியார்:
கேட்டது தூரம். காற்று எதற்கு இங்கே?

மேகநாதன்_77:
எரிபொருள் கணக்குக்காகக் கேட்டிருந்தால் காற்றுதான் முக்கியம். எதற்கென்று அவர் சொல்லவே இல்லையே.

ஷீட்டுக்காரன்:
15,339 வந்துவிட்டது. நன்றி கரிசல்காடு.

தெற்குவாசல்:
விமான நிறுவனப் பட்டியல்களில் 15,349 என்று இருக்கும், பயப்பட வேண்டாம். பூமி துருவத்தில் கொஞ்சம் தட்டை, ஹாவர்சைன் அதை முழு உருண்டையாக எடுத்துக்கொள்கிறது.

கோளவியல் வாத்தியார்:
அதனால்தான் ஆரத்தைக் கேட்டேன்.

தெற்குவாசல்:
ஆரத்துக்கும் தட்டைக்கும் வித்தியாசம் இருக்கிறது ஐயா. ஒரே ஆரம் போடுகிறவரை அது உருண்டைதான், 6,378 போட்டால் 15,356 வரும், அதுவும் பொருந்தாது.