சைதாப்பேட்டைப் பாலத்துக் கல்லும் ஒரு கர்னலும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தின் அருகே ஒரு பெரியவர் தரையில் துணி விரித்து அமர்ந்து, பழைய கல் ஒன்றின் மேல் ஒட்டியிருந்த சுவரொட்டியைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் அவ்வழியே பேருந்தில் அலுவலகம் சென்று வந்த எனக்கு, அங்கே ஒரு கல்வெட்டு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அவர் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற கர்னல். 1780-இல் தொடங்கிய அந்தப் பொறியாளர் படையின் வீரர்களைத் ‘தம்பி’ என்று அழைப்பது மரபு. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த என்னையும் அவர் முதல் வார்த்தையிலேயே தம்பி என்றார். உதவும் எண்ணத்தில் நான் பக்கத்துக் கடையில் ஒரு கம்பி பிரஷ் வாங்கி வந்தபோது, என் கையைப் பிடித்துத் தடுத்தார். "வேண்டாம் தம்பி, காகிதம் மறுபடியும் வரும், மறுபடியும் ஊறவைத்து எடுக்கலாம். எழுத்து ஒரு முறை தேய்ந்தால் தேய்ந்ததுதான்." அமிலம், வண்ணப்பூச்சு, எழுத்து தெளிவாகத் தெரிவதற்காக அழுத்தித் தேய்க்கும் சாக்குக்கட்டி எதுவும் கூடாது என்றும், தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் பொறுமையுமே போதும் என்றும் சொன்னார். நல்லெண்ணத்தோடு செய்யும் சுத்தமே பல கல்வெட்டுகளைச் சிதைத்திருக்கிறது என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

அந்தக் கல் பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகரை நினைவுகூர்வது. அடையாற்றைக் கடக்க மக்கள் படும் பாட்டைப் போக்க, 1726-இல் தம் சொந்தப் பணத்தில் அவர் இங்கே ஒரு பாலம் கட்டினார். மாம்பலம் என்ற பெயரே ஆங்கிலேயர் நாவில் திரிந்து, அது மார்மலாங் பாலம் ஆயிற்று. பழைய பாலம் போய்ப் புதிய பாலம் வந்துவிட்ட பிறகும், பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் செய்தி தாங்கிய அந்தக் கல் எஞ்சியது. சாலை மட்டம் உயர உயர, அதன் அடிப்பகுதி மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

பணிக்காலம் முழுவதும் பாலங்கள் அமைத்த கர்னலுக்கு, உஸ்கான் பாலம் கட்டியதைவிட, அதைப் பராமரிக்கவும் தனியே பணம் ஒதுக்கிவிட்டுப் போனதுதான் பெரிதாகப்பட்டது. அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் தழுதழுக்கும். எனக்கும் அதுவே அந்த வரலாற்றின் சிகரமாகத் தோன்றுகிறது.

பிறகு பல ஞாயிறுகளில் அவருடன் சென்றேன். வேப்பேரி புனித மத்தியாஸ் தேவாலயத்தில் உள்ள உஸ்கானின் கல்லறையையும் அவரோடு போய்ப் பார்த்தேன். ஆனாலும் என் மனத்தில் நிற்பது, பாலத்தருகே தேநீர்க் கடை வைத்திருந்த அம்மாவிடம் அவர் பேசிய விதம். அதிகாரமாக ஒரு சொல் கூடச் சொல்லாமல், அந்தக் கல்லின் கதையை முழுவதும் சொல்லிவிட்டு, "நான் இல்லாத நாளில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் அம்மா" என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் சுவரொட்டி ஒட்ட வந்தவர்களை அந்த அம்மாவே, "ஐயா கும்பிடுற கல்லு இது" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார். அவர் சொன்னதைக் கர்னல் திருத்தவில்லை.

முழங்கால் வலியால் வர இயலாமற்போனபோது, கல்லின் அளவுகள், விரிசல்கள், படமெடுத்த நாள்கள் யாவும் குறித்த நோட்டுப்புத்தகத்தை என்னிடம் கொடுத்து, படையில் பொறுப்பை ஒப்படைக்கும் முறைப்படி இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றார். அவர் எழுதிய கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்துகளும் இருக்கின்றன. அதன் பிறகு வந்த பக்கங்களை நான் எழுதி வருகிறேன்.