தொப்பி வச்சா இடம் பிடிச்ச மாதிரியா? ஷெல்டர்ல நடக்குற அநியாயம்

பழைய_பூட்:
நேத்து இன்னொரு இழையில தும்பி_67 எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. "அப்பலாச்சியன் டிரெயில்ல டிரெயில் ஃபேமிலின்னா ஃபேமிலிதான், முன்னாடி போய்ச் சேர்றவன் பின்னாடி வர்றவங்களுக்கு ஷெல்டர்ல ஒரு தொப்பியோ பையோ வச்சு இடம் பிடிச்சா ஒரு தப்பும் இல்ல, எல்லாரும் செய்றதுதான்"னு எழுதியிருக்கார். தெரியாதவங்களுக்கு: அப்பலாச்சியன் டிரெயில்னா அமெரிக்காவுல மலை வழியா போற நீண்ட நடைபாதை, ஷெல்டர்னா வழியில ராத்திரி தங்குற கூரைக் கொட்டகை, டிரெயில் ஃபேமிலின்னா வழியில சேந்து ஒண்ணா நடக்குற குரூப். எல்லாரும் செய்யல சார். நான் செய்யல. ஜார்ஜியால ஸ்பிரிங்கர் மலையில ஆரம்பிச்சு மெய்ன்ல கட்டாடின் வரைக்கும் 14 மாநிலம், 2,190 மைலுக்கு மேல நடந்து முடிச்சவன் நான், எங்கயும் ஒரு தொப்பி வச்சதில்ல.

இதோ நான் கண்ணால பாத்தது. ஸ்மோக்கி மலை நேஷனல் பார்க், ஏப்ரல் மாசம், ஐஸ்வாட்டர் ஸ்பிரிங் ஷெல்டர். காலையில இருந்து மழை, சாயங்காலம் ஆனதும் ஐஸ் மழையா மாறிடுச்சு. உள்ள ரெண்டு அடுக்குப் பலகை, கீழ் அடுக்கு ஃபுல். மேல ரெண்டு பசங்க படுத்திருக்காங்க, பக்கத்துல ஒரு தொப்பி, ஒரு சாப்பாட்டுப் பை, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. மூணு ஆள் இடம். அப்ப அறுபது வயசுக்கு மேல இருக்குற ஒரு மனுஷன் வந்தார், விரல் மரத்துப்போய் இடுப்புல இருக்குற பக்கிளைக் கழட்ட முடியல, நான்தான் கழட்டி விட்டேன். மேல ஏறப் போனா "ஆள் இருக்கு"ங்குறானுங்க. எங்க இருக்கு ஆள்? தொப்பிதான் இருக்கு! அவர் ஒண்ணும் பேசாம வெளிய போய் அந்த ஐஸ் மழையில டென்ட் போட்டார். இருட்டினப்புறம் ஹெட்லாம்ப் அடிச்சுக்கிட்டு மூணு பேர் வந்தாங்க, கேட்லின்பர்க் டவுனுக்குப் போய் பீட்ஸா சாப்பிட்டு, கார்ல நியூஃபவுண்ட் கேப் வந்து எறங்கி, அங்க இருந்து வெறும் 3 மைல் நடந்து. மழைக் கோட்டுக்குள்ள சட்டை காய்ஞ்சு இருந்துச்சு. இதுக்குப் பேர் ஃபேமிலியாம்.

தும்பி_67:
பேர் சொல்லி இழுத்துட்டீங்க, சரி, பதில் சொல்றேன். ஒரு ராத்திரி யாரோ செஞ்சதை வச்சு எல்லாரையும் திட்டாதீங்க. எங்க குரூப்ல ஒருத்திக்கு முட்டி வீங்கிப்போச்சு, வர்ஜீனியால டாமஸ்கஸ் ஊர் வர்ற வரைக்கும் அவளால மத்தவங்க வேகத்துல பாதிதான் நடக்க முடிஞ்சுது. நீங்க சொல்ற "முதல்ல வர்றவனுக்கே இடம்" கணக்குல அவ ஒரு நாள் கூட கூரைக்கு அடியில படுத்திருக்க மாட்டா. நல்ல காலு இருக்குறவன் மத்தியானம் மூணு மணிக்கே வந்து படுத்துக்குவான், வலியோட நடக்குறவ ஏழு மணிக்கு வந்து சேத்துல டென்ட் போடணுமா? அவளுக்காகத்தான் தொப்பி வச்சேன். இன்னைக்கும் வைப்பேன்.

பழைய_பூட்:
அப்ப தொப்பி வச்சதை ஒத்துக்கிறீங்க.

தும்பி_67:
ஒத்துக்கிறதுக்கு இதென்ன கொலைக் குத்தமா? வச்சேன்னுதான் சொல்றேன்.

வெர்மான்ட்_விஜி:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. 250க்கு மேல ஷெல்டர் இருக்கு, அதுல பெரும்பாலானது முன்பதிவு இல்லாதது, வர்ற வரிசைப்படிதான் இடம். டிரெயிலைப் பாத்துக்குற அமைப்பான கன்சர்வன்சி தெளிவா சொல்றது என்னன்னா ஷெல்டர் நிறைஞ்சு போகலாம், அதனால ஒவ்வொருத்தரும் சொந்தமா டென்டோ டார்ப்போ தூக்கிக்கிட்டுத்தான் வரணும், கூட்டமா வர்றவங்க ஷெல்டரைத் தனி ஆளுங்களுக்கு விட்டுட்டு வெளிய தங்கணும். ஸ்மோக்கிஸ் மாதிரி சில இடத்துல விதி வேற. முதல்ல எந்த ஷெல்டரைப் பத்திப் பேசுறோம், யாரை த்ரு ஹைக்கர்னு, அதாவது ஒரே பயணத்துல முழு டிரெயிலும் நடக்குறவர்னு சொல்றோம்னு முடிவு பண்ணிட்டு சண்டை போடலாமே.

பழைய_பூட்:
விஜி மேடம், முடிவு பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. தொப்பி மனுஷனா இல்லையா? அது ஒண்ணுதான் கேள்வி.

கொக்கி:
ஸ்மோக்கிஸ்னு பேச்சு வந்ததால நானும் சொல்றேன். நான் செக்‌ஷன் ஹைக்கர், லீவு கிடைக்கிறப்ப துண்டு துண்டா நடக்குறவன். அங்க ஒரு ராத்திரிக்கு ஆளுக்கு 8 டாலர் கட்டி ஷெல்டர்ல இடம் ரிசர்வ் பண்ணினேன். போய் நின்னா த்ரு ஹைக்கருங்க பன்னெண்டு பேர் சுருண்டு கிடக்காங்க. ரிசர்வேஷன் இருக்குறவன் வந்தா த்ரு ஹைக்கர் எந்திரிச்சு இடம் குடுக்கணும், வெளிய போய் டென்ட் போட்டுக்கலாம், அவங்களுக்கு அந்த அனுமதி இருக்கு. எனக்குத்தான் டென்ட் போட அனுமதி கிடையாது. ஒருத்தன் அசையணுமே! "நாங்க ஜார்ஜியால இருந்து நடந்து வர்றோம்"னு கதை. ஐயா, நானும் நடந்துதான் வந்தேன், பறந்து வரல.

தும்பி_67:
பாத்தீங்களா? 8 டாலர் கட்டினா ஆள் வராமலே இடம் இருக்கும். அப்ப காசு குடுத்து இடம் பிடிக்கலாம், தொப்பி வச்சு பிடிக்கக் கூடாதா?

பழைய_பூட்:
தும்பி தம்பி, அது பார்க் போட்ட விதி. தொப்பி நீங்க போட்ட விதி. த்ரு ஹைக்கருக்கும் 40 டாலர் பர்மிட் உண்டு, பார்க்குக்கு வெளிய 50 மைலுக்கு அப்பால ஆரம்பிச்சு 50 மைலுக்கு அப்பால முடிக்கணும், 8 நாளைக்குள்ள பார்க்கைத் தாண்டணும், எல்லாம் எழுதி வச்சிருக்கான். தொப்பியைப் பத்தி எங்க எழுதியிருக்கான், காட்டுங்க. எனக்கு இந்த டிரெயிலைப் பத்தி யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம். முழு டிரெயிலையும் ஒரே பயணத்துல நடந்த முதல் ஆள்னு பேர் வாங்கின ஏர்ல் ஷாஃபர் 1948ல நடந்தப்ப எந்த ஃபேமிலி அவருக்கு முன்னாடி போய்த் தொப்பி வச்சுச்சு? 1955ல எம்மா கேட்வுட் 67 வயசுல, கேன்வாஸ் ஷூ போட்டுக்கிட்டு, தானே தச்ச ஒரு பையைத் தோள்ல போட்டுக்கிட்டு, மழைக்கு ஒரு ஷவர் கர்ட்டனை மட்டும் வச்சுக்கிட்டு முழு டிரெயிலும் ஒத்தையா நடந்து முடிச்சாங்க. இப்ப ஒவ்வொருத்தரும் ஆயிரம் டாலருக்கு சாமான் வாங்கிக்கிட்டு, போன்ல மேப்பைப் பாத்துக்கிட்டு, நாலு பேரா கை கோத்துக்கிட்டு வந்து "எங்காளு பின்னாடி வர்றா"ன்னு கூரையைக் கூறு போட்டு எடுத்துக்கிறாங்க, கேட்டா ஹைக் யுவர் ஓன் ஹைக்குன்னு ஒரு பாட்டு, உங்க ஹைக்கை நீங்க ஹைக் பண்ணுங்க, என் இடத்துல எதுக்கு உங்க தொப்பி?

ஒத்தையடி:
கேட்வுட் அம்மாவை இதுல இழுக்காதீங்க சார். அவங்க வழியில வீட்டுக் கதவைத் தட்டி இடம் கேட்டுத் தங்கினவங்க. முன்ன பின்ன தெரியாதவங்க இடம் குடுத்ததாலதான் பல ராத்திரி அவங்களுக்குக் கூரை. அப்படிப் பாத்தா அது தும்பி சொல்ற பக்கம்தான் போகுது.

பழைய_பூட்:
அவங்க நேர்ல போய் நின்னு கேட்டாங்க. தொப்பியை அனுப்பி வைக்கல.

ஒத்தையடி:
நான் ஹேமக்ல, அதான் தூளியில, தூங்குறவன், ரெண்டு மரம் இருந்தா போதும். ஷெல்டர்ல என்னதான் இருக்குன்னு இப்படி அடிச்சுக்கிறீங்க? உத்தரத்துல எலி ஓடுது, ராத்திரி மூஞ்சி மேல விழுது. ஈர சாக்ஸ் நாத்தம். குறட்டை. வயித்துப்போக்கு வைரஸ் ஒருத்தனுக்கு வந்தா காலையில பத்து பேருக்கு. இதுக்கு நாலு மணிக்கே ஓடி வந்து தொப்பி வேற.

தும்பி_67:
ஒத்தையடி, ஸ்மோக்கிஸ்ல ஷெல்டரை விட்டுட்டு கண்ட இடத்துல ஹேமக் கட்ட முடியாதுன்னு தெரியும்ல? அங்க என்ன பண்ணினீங்க?

ஒத்தையடி:
ஷெல்டர் ஃபுல், அதனால பக்கத்துலயே கட்டினேன். என்கிட்ட த்ரு பர்மிட் இருந்துச்சு. விதிப்படிதான்.

கொக்கி:
ஃபுல்லா இருந்துச்சா, இல்ல தொப்பியால ஃபுல்லா இருந்துச்சா?

பழைய_பூட்:
அப்படிக் கேளுங்க கொக்கி! ஃபுல்லுன்னு சொல்றதுல பாதி தொப்பிதான்.

தும்பி_67:
பழைய பூட் சாருக்கு ஒரு கேள்வி. நீங்க வர்ஜீனியால ஷெனாண்டோவா பார்க் முழுக்க ஸ்லாக்பேக் பண்ணினீங்கன்னு நீங்களே போன வருஷம் இங்க எழுதினீங்க. ஹாஸ்டல்காரர் வேன்ல உங்க மூட்டையைக் கொண்டுபோக, நீங்க தண்ணி பாட்டிலோட கைய வீசிக்கிட்டு நடந்தீங்க. மூட்டை வேன்ல முன்னாடி போகலாம், எங்க தொப்பி மட்டும் முன்னாடி போகக் கூடாதா?

பழைய_பூட்:
ஸ்லாக்பேக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மொத்த டிரெயிலையும் நடந்தவங்களை கன்சர்வன்சி 2,000 மைலர்னு பட்டியல்ல சேக்கும்போது மூட்டை தூக்கினியா, எந்தத் திசையில நடந்த, எவ்வளவு வேகம்னு ஒண்ணும் பாக்குறதில்ல, முழுசா நடந்தியான்னுதான் கேக்குது, அதையும் நம்ம சொல்றதை நம்பித்தான் எடுத்துக்குது. ஒரு அடி விடாம, வழி காட்டுற வெள்ளைக் கோடு பாத்து நடந்தவன் நான். என் மூட்டை யாரோட தூக்கத்தையும் பறிக்கல. உங்க தொப்பி பறிச்சுது. சும்மா ஷெனாண்டோவா ஷெனாண்டோவான்னு திருப்பாதீங்க. ஷெல்டருக்குள்ள நாயைப் படுக்க வைக்காதீங்கன்னு முன்ன நான் சொன்னது உங்களுக்கு இன்னும் உறுத்துது, அதான் பழைய பதிவெல்லாம் தோண்டுறீங்க.

தும்பி_67:
நாயை ஏன் இழுக்குறீங்க? ஸ்மோக்கிஸ் டிரெயில்ல நாய்க்கு அனுமதி இல்லன்னு தெரிஞ்சு, காசு கட்டி வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போனேன். மத்த ஷெல்டர்ல கூட அது என் கால்மாட்டுலதான் படுத்துச்சு.

கொக்கி:
நனைஞ்ச நாயா?

தும்பி_67:
மழை பேஞ்சா நாயும் நனையும், மனுஷனும் நனைவான்.

பழைய_பூட்:
ஆமா, தொப்பி மட்டும் நனையாது, அதுக்குத்தான் இடம் போட்டிருக்கே.

வெர்மான்ட்_விஜி:
கடைசியா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். வெர்மான்ட்ல லாங் டிரெயில்ங்குற இன்னொரு பாதையும் அப்பலாச்சியன் டிரெயிலும் 105 மைல் ஒண்ணா ஓடுற பகுதியில மழை கொட்டின ஒரு ராத்திரி, எட்டு பேர் ஷெல்டர்ல பதினொரு பேர் படுத்தோம். யாரும் கேக்கல, சொல்லல, ஒவ்வொருத்தரும் படுக்குற பேடைக் கொஞ்சம் நகத்தினாங்க, ஈர சாமானெல்லாம் ஆணியில தொங்குச்சு, ஒருத்தர் அடுப்புல தண்ணி கொதிக்க வச்சு கடைசியா வந்த பையன் கையில குடுத்தார். மழையில வர்றவன் கடைசி ஆள் வரைக்கும் ஷெல்டர் ஃபுல் ஆகாதுங்கிறதுதான் அங்க பழக்கம். ஐஸ்வாட்டர்ல அந்தப் பெரியவருக்கும் இடம் குடுத்திருக்கலாம், பின்னாடி வந்த மூணு பேரும் நெருக்கிப் படுத்திருக்கலாம். நீங்க ரெண்டு பேரும் இதைப் பேசவே மாட்டேங்குறீங்க.

தும்பி_67:
நான் சொல்றதும் அதேதான் விஜி. பின்னாடி வர்றவளுக்கும் இடம் வேணும்.

பழைய_பூட்:
நான் சொல்றதும் அதேதான் மேடம். வந்து நிக்கிறவனுக்கு இடம் வேணும், தொப்பிக்கு இல்ல.

ஒத்தையடி:
ஒரு விஷயம் கேக்கணும்னு நெனச்சேன். பழைய பூட் சார், அந்தப் பெரியவர் வெளிய போனப்ப நீங்க எங்க படுத்திருந்தீங்க?

பழைய_பூட்:
கீழ் அடுக்குல. நாலு மணிக்கே வந்துட்டேன். வரிசைப்படி என் இடம்.

தும்பி_67:
அப்ப உங்க இடத்தைக் குடுத்திருக்கலாமே! பக்கிளைக் கழட்டிவிட்ட கை அப்படியே கொஞ்சம் நகந்து படுத்திருக்கலாமே!

பழைய_பூட்:
நான் உடம்போட அங்க படுத்திருந்தேன் தம்பி. அது காலி இடம் இல்ல. மேல மூணு காலி இடம் இருக்குறப்ப நான் ஏன் எந்திரிக்கணும்? குத்தம் செஞ்சவனை விட்டுட்டு சாட்சி சொல்றவனைக் குறுக்கு விசாரணை பண்றீங்க. இதுல இருந்தே தெரியுது உங்ககிட்ட பதில் இல்லன்னு.

தும்பி_67:
பதில் முதல் வரியிலயே சொன்னேன். வலியோட மெதுவா வர்ற ஆளுக்காக வச்சேன். வர்ற மார்ச்ல அவளோட ஸ்பிரிங்கர்ல இருந்து மறுபடி ஆரம்பிக்கிறோம். தொப்பி வைப்பேன்.

பழைய_பூட்:
வைங்க. நானும் மார்ச்ல ஜார்ஜியாலதான் இருப்பேன். ஆள் இல்லாத தொப்பியைப் பாத்தா எடுத்து ஆணியில மாட்டிட்டு, நனைஞ்சு நிக்கிறவனை அங்க படுக்க வைப்பேன்.

தும்பி_67:
அடுத்தவன் சாமானைத் தொடுறதும் உங்க விதியில இருக்கா?

பழைய_பூட்:
கூரையை மறிச்சுக்கிட்டுக் கிடந்தா தொடுவேன்.

கொக்கி:
ரெண்டு பேரும் மார்ச்ல எந்த வாரம்னு சொல்லிடுங்க, நான் லீவை அக்டோபருக்கு மாத்திக்கிறேன்.

தும்பி_67:
கொக்கி, நீங்க இன்னும் நாய் விஷயத்துக்கு மன்னிப்பு கேக்கல.

கொக்கி:
நான் எதுக்குக் கேக்கணும்? ஈரமாச்சான்னு ஒரு கேள்விதானே கேட்டேன்.