கிடப்பில் பழுத்த இலை: கியூபச் சுருட்டுக்குக் காத்திருந்த அனுபவங்கள்

டொராண்டோவிலிருந்து

கோஹிபா என்ற கியூபச் சுருட்டு பிராண்டின் ஆண்டு விழாச் சுருட்டான ‘55 அனிவெர்சாரியோ எடிசியோன் லிமிட்டாடா 2021’ வரப்போகிறது என்று 2021இல் அறிவித்தார்கள். அன்றைக்கே எங்கள் கடைக்காரரிடம் பெயர் கொடுத்துவிட்டேன். பெயரில் 2021 இருந்தாலும் சுருட்டு கடைக்கு வந்தது அதற்குக் கனகாலம் பின்னால். கியூபாவின் எடிசியோன் லிமிட்டாடா, அதாவது குறைந்த எண்ணிக்கைப் பதிப்புச் சுருட்டுகளைத் தொடர்ந்து வாங்குகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். அறிவிப்பு ஒரு வருடம், பெட்டி இன்னொரு வருடம்.

இதை விலையேற்றத் தந்திரம் என்று சொல்கிறவர்கள் உண்டு. விலை பற்றிய கோபம் எனக்கும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் தாமதத்துக்கும் தட்டுப்பாட்டுக்கும் முதல் காரணம் இலைதான். சாதாரணக் கியூபச் சுருட்டுக்கே அறுவடை முடிந்த பிறகு எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள். கொட்டகையில் ஐம்பது நாள் அளவில் தொங்கிக் காய வேண்டும். அப்புறம் குவியலாக அடுக்கிப் புளிக்க வைப்பார்கள். தரம் பிரித்து, நடு நரம்பை உருவி, மறுபடி புளிக்க வைப்பார்கள். அதற்கும் பிறகுதான் பொதியாகக் கட்டிக் கிடங்கில் போடுவது. கோஹிபா என்றால் செக்கோ, லிஹேரோ என்ற இரண்டு வகை இலைகளுக்கும் மரப் பீப்பாயில் மூன்றாவது தடவையும் புளிப்பு உண்டு. புளிக்கும்போது இலையிலிருந்து அமோனியா வெளியேறும், காரம் குறையும். இதில் எந்தக் கட்டத்தையும் அவசரப்படுத்த முடியாது. அவசரப்படுத்தினால் தொண்டையில் தெரியும்.

லிமிட்டாடா வரிசை 2000இல் தொடங்கியது. அப்போது வெளியே சுற்றும் இலைக்கு மட்டும் இரண்டு வருடக் கிடப்பு, அதாவது கிடங்கில் பழுக்க விடுவது. 2007இலிருந்து உள்ளே வைக்கும் இலை, அதைக் கட்டும் இலை எல்லாமே குறைந்தது இரண்டு வருடம் கிடந்தவை. அதற்கு மேலே ரிசர்வா, மூன்று வருடம். அதற்கும் மேலே கிரான் ரிசர்வா, ஐந்து வருடம். இந்த இரண்டிலும் அறுவடை எந்த வருடம் என்பதையும் பெயரோடு சொல்லிவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் அதுதான். சுருட்டியது எப்போது என்பதைவிட விளைந்தது எப்போது என்பது முக்கியம் என்று உற்பத்தி செய்கிறவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

கோஹிபாவின் பிறப்பு பலருக்கும் தெரிந்திருக்கும். பிடல் காஸ்ட்ரோவின் மெய்க்காவலர் ஒருவர் புகைத்துக்கொண்டிருந்த சுருட்டு காஸ்ட்ரோவுக்குப் பிடித்துப்போக, அதைச் சுருட்டியவரையே கூப்பிட்டுத் தொடங்கிய வேலை அது. பிராண்டின் வயதை 1966இலிருந்து எண்ணுகிறார்கள். ஹவானாவின் மேற்குப் பக்கத்தில் எல் லகீட்டோ என்ற மாளிகையில் அரசு விருந்தினர்களுக்காகச் சுருட்டினார்கள். 1982இல்தான் பொதுச் சந்தைக்கு விட்டார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கடையிலிருந்து அழைப்பு வந்தபோது வெளியே நல்ல பனி. பத்து சுருட்டு கொண்ட பெட்டியை எங்கள் கடையில் பெட்டியாக விற்கவில்லை, பட்டியலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சேர வேண்டும் என்று ஆளுக்கு இரண்டு என்று பிரித்தார்கள். அது நியாயம் என்றே எனக்குப் பட்டது. கனடாவில் 2019 இறுதியில் வந்த சட்டத்தால் புகையிலைப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மங்கிய பழுப்பு உறை. சுருட்டின் வளையமும் பழுப்பு. கோஹிபாவின் மஞ்சளும் இல்லை, கறுப்பு வெள்ளைப் புள்ளியும் இல்லை, ஆண்டு விழா வளையத்தின் பொன்னிறமும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் இதற்காகவா காத்திருந்தோம் என்று மனம் வெதும்பினார். நான் மூக்கருகே கொண்டுபோனேன். சுருட்டின் திறந்த முனையில் நன்றாகக் காய்ந்த வைக்கோல், கொஞ்சம் கருப்பட்டி, அடியில் தேவதாரு மரப்பெட்டியின் வாசம். அமோனியாவின் நெடி துளிகூட இல்லை. நான் காத்திருந்தது அதற்குத்தான், வளையத்துக்கு அல்ல.

அளவு 57 ரிங், நீளம் 150 மில்லிமீட்டர். 57 ரிங் என்றால் ஒரு அங்குலத்தின் 64 பங்கில் 57 பங்கு குறுக்களவு. உண்மையைச் சொன்னால் எனக்கு இவ்வளவு தடிமன் பிடிக்காது. பழைய மெல்லிய சுருட்டுகளில் வெளியிலையின் ருசி முன்னால் நிற்கும், தடித்ததில் உள்ளே இருப்பதன் ருசிதான் ஓங்கும். ஆனால் உள்ளே இருப்பது பழுத்த இலையாக இருக்கும்போது அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை.

ஒன்றை மைத்துனரோடு பிடித்தேன். மற்றதை வைத்திருக்கிறேன். முதல் மூன்றிலொரு பங்கு மிகவும் மென்மை, பால் விட்ட கோப்பி போல. பாதி தாண்டியபோது மிளகின் காரம் நாக்கின் நுனியில் இல்லாமல் பின்பக்கம் வந்தது. சாம்பல் இரண்டு விரல் அளவுக்கு உதிராமல் நின்றது. மைத்துனர் வழக்கமாகக் கதைத்துக்கொண்டே இருப்பவர், அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை.

எங்கள் பெரியப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில் இருந்தது. ஒருவர் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள் என்று சொல்வார். கியூபாவில் அதே வேலைக்குச் சம்பளம் வாங்கும் வாசிப்பாளர் தொழிற்சாலை மேடையில் இன்றும் இருக்கிறார். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். இந்தச் சுருட்டுகளில் எனக்கு உள்ள ஈடுபாட்டில் பாதி அங்கேயிருந்து வந்தது.

இப்போது விலை. 2022இல் கோஹிபா, டிரினிடாட் என்ற இன்னொரு கியூபச் சுருட்டு பிராண்டு, இரண்டின் விலையையும் உலகம் முழுக்க ஹாங்காங் விலைக்கு ஏற்றினார்கள். பல நாடுகளில் ஒரே நாளில் இரண்டு மடங்குக்கும் மேல் போனது. வருடத்துக்கு ஒன்றிரண்டு நல்ல சுருட்டு பிடித்துக்கொண்டிருந்த சாதாரண ஆட்களை அது வெளியே தள்ளிவிட்டது. இலைக்குக் காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பேன். இந்த விலையேற்றத்தை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. மற்றவர்களும் எழுதுங்கள்.


துபாயிலிருந்து

அண்ணே, நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்குக் காத்திருப்பின் அருமை தெரிந்தது போலியைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான்.

ஹவானாவில் காபிடோலியோ கட்டடத்தின் பின்னால், பார்த்தாகாஸ் என்ற சுருட்டு பிராண்டின் பழைய தொழிற்சாலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பையன் கூடவே வந்தான். எந்த ஊர், என்ன வேலை என்று நல்லபடியாகப் பேசிவிட்டு, இன்றைக்குத் தொழிலாளர் கூட்டுறவு நாள், பாதி விலைக்குக் கிடைக்கும், அத்தை தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்றான். ஹவானா போன யாரைக் கேட்டாலும் இதே கூட்டுறவு நாள் கதையைச் சொல்வார்கள், வருடம் முழுக்க தினமும் கூட்டுறவு நாள்தான். பார்த்துவிட்டு வரலாமே என்று மாடிக்குப் போனேன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். கோஹிபா பெட்டி, மூடியில் கண்ணாடி. அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது, கியூபச் சுருட்டுகளை உலகம் முழுக்க விற்கும் ஹபானோஸ் நிறுவனம் கண்ணாடி மூடி போட்ட கோஹிபாவை விற்பதே கிடையாது. இருந்தாலும் ஒன்றைக் கையில் எடுத்தேன். தலையில் இலையை ஒட்டிய இடம் கோணல், மேலே நரம்பு முண்டு முண்டாக நின்றது. மெதுவாக அழுத்தினால் ஒரு இடம் கல், அடுத்த இடம் பஞ்சு. வாசத்தில் மாட்டுக் கொட்டகையின் நெடி, அதாவது சரியாகப் புளிக்காத பச்சை இலை. நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஊரில் சம்பளம் எவ்வளவு என்று தெரிந்தால் யாருக்கும் வராது.

நான் பல வருடம் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தது பார்த்தாகாஸ் லூசித்தானியாஸ் கிரான் ரிசர்வா. 2007 அறுவடை இலை, 15 சுருட்டு கொண்ட 5000 பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 194 மில்லிமீட்டர் நீளம், பிடித்து முடிக்க ஒரு சாயங்காலம் முழுதாக வேண்டும். என் பட்ஜெட்டில் வராத பொருள். ஒருநாள் கடையில் என்னைவிட மூத்த வாடிக்கையாளர் ஒருவர், தமிழர் அல்ல, லெபனான்காரர், தன் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்து ஒன்றை எடுத்து நீட்டினார். காசு கொடுக்கிறேன் என்றதற்கு முகம் மாறிவிட்டது அவருக்கு. வெட்டிப் பற்றவைத்து முதல் இழுப்பு இழுத்ததும் நான் எதிர்பார்த்த வேகம் அதில் இல்லை. பார்த்தாகாஸ் என்றால் மண்வாசமும் காரமுமாகத்தான் இருக்கும். இதில் அந்த மண்வாசம் அப்படியே இருந்தது, காரம் மட்டும் அடங்கியிருந்தது. தோல் பொருள் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த வாசம் கடைசி வரை கூடவே வந்தது.

அவர் சொன்ன ஒரு வார்த்தையை இங்கே எழுதணும். இதைப் பெட்டியோடு பூட்டி வைத்து ஏலத்துக்கு விடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, இலையை வளர்த்தவன் அதற்காக வளர்க்கவில்லை என்றார். எனக்கும் அதே கருத்துதான். ஹவானா சுருட்டு விழாவில் கடைசி நாள் ஏலம் விடும் பெட்டிகளின் பணம் கியூபாவின் பொதுச் சுகாதாரத்துக்குப் போகிறது, அது வேறு. மற்றபடி வாங்கி, விலை ஏறட்டும் என்று வைத்து, மறுபடி விற்கிற கூட்டத்தால்தான் பிடிக்கிறவன் கைக்கு எதுவும் வருவதில்லை.


மாட்ரிட்டிலிருந்து

நான் புகைப்பதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். படித்தது வேளாண்மை. கியூபாவின் பினார் டெல் ரியோ மாகாணத்தில் சான் லூயிஸ் பக்கம் புகையிலைத் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தேன், அறுவடை நடக்கும் பெப்ரவரியில். இயன் புயல் அடித்ததற்கு அடுத்த பருவம் அது.

டொராண்டோ அண்ணா வெளியிலை பற்றிச் சொன்னார். அது விளையும் வயலை நேரில் பார்த்தால் ஏன் அவ்வளவு விலை என்று புரியும். வயல் முழுக்க வெள்ளைத் துணிக் கூடாரம், ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரம். வெயில் நேராக விழாமல் இருப்பதால் இலை அகலமாக, மெல்லியதாக, பட்டுப் போல வளர்கிறது. பூ மொட்டைக் கிள்ளிவிடுகிறார்கள். பறிப்பதும் ஒரே தடவையில் இல்லை. கீழிருந்து இரண்டு மூன்று இலை, சில நாள் கழித்து அடுத்த அடுக்கு, இப்படியே மேலே போகிறார்கள். ஒரு ஓட்டை விழுந்தாலோ, ஒரு கறை பட்டாலோ அது வெளியிலைக்கு ஆகாது.

ஆனால் என் மனதில் நிற்பது கொட்டகைகள்தான். காலையில் ஒரு முனைக்கும் மாலையில் மறுமுனைக்கும் மட்டும் வெயில் படும்படி கிழக்கு மேற்காகக் கட்டுகிறார்கள். உள்ளே கழிகளில் இலைகளை இரண்டிரண்டாகத் தைத்துத் தொங்கவிடுவார்கள். 2022 செப்டம்பர் 27 அதிகாலையில் இயன் அந்த மாகாணத்தின் மேலேயே கரையேறியது. ஆயிரக்கணக்கான கொட்டகைகள் விழுந்தன. நடவு தொடங்க வேண்டிய நேரம். என்னை அழைத்துப்போன விவசாயி, அறுபது வயதிருக்கும், விழுந்த கொட்டகையின் மரத்தையே ஆணி பிடுங்கி அடுக்கி வைத்து, பாதி நீளத்துக்குப் புதிதாக ஒன்று கட்டியிருந்தார். கொட்டகை எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் நட்டேன், காய வைக்க இடமில்லாமல் இலையை வளர்த்து என்ன செய்ய என்றார். அவருக்குப் பின்னால் துணி கட்டாத வயல் நீளமாகக் கிடந்தது.

ஐந்து வருடம் கிடக்க வேண்டிய இலை என்றால், அந்தப் பருவத்தின் குறை கடைகளில் தெரிவது 2028 பக்கம். அதற்கு முன் வரும் ஐந்து வருடக் கிடப்புச் சுருட்டுகளெல்லாம் புயலுக்கு முன்னால் விளைந்த இலையில் செய்தவையாக இருக்கும். பெட்டிகளின் எண்ணிக்கையைப் பார்க்கும்போது எனக்கு அவர் நட்ட வரிசைகள்தான் ஞாபகம் வருகின்றன.

டொராண்டோ அண்ணாவிடம் ஒரு கேள்வி. அப்பா அபூர்வமாக ஒன்று பிடிப்பார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு லிமிட்டாடா வாங்கித் தர நினைக்கிறேன். வாங்கியவுடன் கொடுக்கலாமா, வைத்துக் கொடுக்கணுமா?


டொராண்டோவிலிருந்து

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மைத்துனருக்கு வாசித்துக் காட்டினேன். அந்த விவசாயியின் கணக்கை இனி எந்தக் கடைக்காரர் முன்னாலும் சொல்வேன்.

கேள்விக்கு வருகிறேன். இலை பழையதாக இருக்கலாம், ஆனால் சுருட்டியது புதிதாக இருக்கும். சுருட்டும்போது இலையை ஈரப்படுத்துவார்கள், அதனால் முதல் சில மாதம் சுருட்டு கொஞ்சம் குழம்பித்தான் இருக்கும். பெட்டியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். தொழிற்சாலைக் குறியீட்டோடு, ஸ்பானிய மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்தும் வருடமும் குத்தியிருக்கும். அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடம் ஆகியிருந்தால் தயங்காமல் கொடுங்கள். ஆகவில்லை என்றால் ஈரப்பதம் 65 வீதம், வெப்பம் 18 பாகை செல்சியஸ் அளவில் மீதி நாளைக்கு வைத்திருங்கள். வெப்பம் 25ஐத் தாண்ட விடாதீர்கள், இலைக்குள் வண்டு முட்டை இருந்தால் அது பொரிந்து புழு வந்துவிடும். பச்சையும் வெள்ளையுமான உத்தரவாத முத்திரையில் பார்கோடு இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண்ணை ஹபானோஸ் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். முழுப் பெட்டி வேண்டியதில்லை. மாட்ரிட்டில் நல்ல கடைகளில் ஒற்றையாகவும் தருவார்கள், அப்பாவுக்கு ஒன்று, கூட உட்கார்ந்து பிடிக்கிறவருக்கு ஒன்று என்று இரண்டு வாங்குங்கள்.