ஈசினோஃபில் 14

மதுரை அக்கா: பையனின் ரத்த ரிப்போர்ட் வந்துவிட்டது. எல்லாம் நார்மல், ஈசினோஃபில் மட்டும் 14 என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. இது என்னடி?

பெரியம்மா: பூச்சிதான். தூங்கும்போது பல்லைக் கடிக்கிறான் என்று அப்போதே சொன்னேன். வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடு.

நான்: இருங்கள் பெரியம்மா. அக்கா, மொத்த வெள்ளையணு எவ்வளவு?

மதுரை அக்கா: 9,800

நான்: ஈசினோஃபில் ஒரு வகை வெள்ளையணு. 14 என்றால் மொத்தத்தில் 14 சதவீதம், அப்படியானால் 1,372. 500-க்குள் இருக்க வேண்டும். கூடுதல்தான்.

நான்: தினமும் லேபில் ஸ்லைடு பார்க்கிறேனே, இந்த அணுவுக்கு உட்கரு இரண்டு குமிழாக இருக்கும், சுற்றிலும் ஆரஞ்சு மணலைத் தூவியது மாதிரி. அந்த மணலுக்குள்தான் விஷம். பாக்டீரியா என்றால் மற்ற வெள்ளையணுக்கள் விழுங்கிவிடும், புழுவை எங்கே விழுங்குவது? அதனால் ஐஜிஈ என்ற புரதம் அடையாளம் காட்ட, இவை குஞ்சுப்புழுவின் மேல் மொய்த்து விஷத்தைக் கொட்டும்.

கோவை மாமா: ஐஜிஈ எனக்குத் தும்மலுக்கு எடுத்தார்களே?

நான்: அதேதான் மாமா. புழுவுக்கு என்று இருக்கிற படை தூசியைப் பார்த்தும் கிளம்பிவிடுகிறது. அதனால் 14-ஐ மட்டும் வைத்துப் பூச்சி என்று சொல்ல முடியாது. அக்கா, அவனுக்கு வீசிங் உண்டா?

மதுரை அக்கா: இல்லை. ஆனால் லீவு முழுக்கப் பெரியப்பா தோப்பில் செருப்பில்லாமல் திரிந்தான். கால் விரல் இடுக்கில் அரிக்கிறது என்றான். பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுத்த அன்றைக்கும் காய்ச்சலில் படுத்திருந்தான்.

நான்: அப்படியானால் கொக்கிப்புழுவாக இருக்கலாம். அது பாதத்துத் தோல் வழியாக நுழைந்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டுத்தான் குடலுக்கே வரும். இப்படி உடம்புக்குள் ஊர் சுற்றுகிற புழுவுக்குத்தான் ஈசினோஃபில் நன்றாக ஏறும். பெரியம்மா சொல்கிற கீரிப்பூச்சி குடலைத் தாண்டாது, அதற்குப் பெரும்பாலும் ஏறாது.

பெரியம்மா: சரி, ஒரு தடவை வந்தால் அம்மை மாதிரி மறுபடி வராதுதானே?

நான்: வரும் பெரியம்மா. உடம்பு குடலில் சளியைச் சுரந்து வழுக்கித் தள்ளத்தான் பார்க்கிறது, ஆனால் புழு நம் எதிர்ப்பையே அடக்குகிற சரக்கை விட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் தங்கிவிடும். மாத்திரையில் போனாலும் அதே மண்ணை மிதித்தால் திரும்ப வரும்.

நான்: அக்கா, டாக்டரிடம் மலப் பரிசோதனை கேள். லீவு முடிந்து எத்தனை நாள்?

மதுரை அக்கா: மூன்று வாரம்

நான்: புழு நுழைந்த பிறகு மலத்தில் அதன் முட்டை தெரிய ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். இப்போது இல்லை என்று வந்தாலும் நம்பி விட்டுவிடாதே, தோப்பு விஷயத்தையும் டாக்டரிடம் சொல்.

பெரியப்பா: நான் நாற்பது வருஷமாகச் செருப்பில்லாமல்தான் தோப்புக்குப் போகிறேன். எனக்கும் எடுக்க வேண்டுமா?

பெரியம்மா: நாளைக் காலையில் டப்பா தருகிறேன்