ஸ்டேஷனிலிருந்து வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்த இரவு, எங்கள் குடும்பக் குழுவில்

சித்தி: தம்பிக்கு வாட்ஸ்அப்பில் போலீஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய கம்பெனியில் கையாடல் என்று புகாராம். நாளைக் காலை 10 மணிக்கு வரச் சொல்கிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பெரியப்பா: பதறாதேம்மா. மரியாதையாகப் போய்ப் பேசி, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வரட்டும். தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?

தம்பி: பெரியப்பா, நடந்தது என்னவென்றால் அந்தப் பணத்தை மேனேஜர் சொல்லித்தான் நான்

வக்கீல் அக்கா: நிறுத்துடா. இங்கே ஒரு வரி கூட எழுதாதே. போனைப் பறிமுதல் செய்தால் இதையும் படிப்பார்கள். எழுதியதை அழிக்கவும் வேண்டாம், அழித்தால் அது தனி வம்பு. வக்கீலிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, குடும்பக் குழுவுக்குக் கிடையாது. என்னைக் கூப்பிட்டுச் சொல்.

அண்ணன்: முதலில் அது உண்மையான நோட்டீஸா? வீடியோ காலிலேயே கைது என்று மிரட்டிப் பணம் பிடுங்குகிறார்களே.

வக்கீல் அக்கா: வீடியோ காலில் கைது என்று நம் சட்டத்தில் எதுவுமே கிடையாது. ஆனால் இது அந்த ரகம் இல்லை, ஸ்டேஷனில் விசாரித்துவிட்டேன், எஃப்ஐஆர் போட்டிருக்கிறார்கள். நோட்டீஸில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். பிஎன்எஸ்எஸ், அதாவது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 179 என்றால் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள், 35 என்றால் சந்தேகமே உன்மேல்தான்.

தம்பி: 35(3) என்று இருக்கிறது அக்கா.

வக்கீல் அக்கா: சரி. 35 நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அண்ணன்: அப்புறம் என்ன, போகவே வேண்டாம்.

வக்கீல் அக்கா: அந்த வீறாப்பு வேண்டாம். நேரில் போய், நோட்டீஸைக் காகிதமாகக் கையில் வாங்கி, ஆஜரானதை எழுத்தில் பதிவு செய்துவிட வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், நோட்டீஸை மதித்து வருகிறவரைக் கைது செய்ய வேண்டுமானால் அதிகாரி காரணத்தை எழுதி வைத்தாக வேண்டும். வராமல் இருந்தால் அந்தக் காரணத்தை நாமே அவர் கையில் கொடுத்த மாதிரி. இவன்மேல் போட்டிருக்கும் பிரிவு அந்த ஏழு ஆண்டுக்குள்தான் வருகிறது.

அப்பா, நீங்கள் சொன்ன கையெழுத்து விஷயம். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. தம்பி, வெற்றுத் தாளில் கேட்டால் கண்டிப்பாகப் போடாதே. பெயர், விலாசம், எங்கே வேலை பார்த்தாய் என்பதையெல்லாம் ஒழுங்காகச் சொல். உன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அரசியல் சாசனம் 20(3) இதற்குத்தான் இருக்கிறது. பொய் மட்டும் சொல்லாதே, ஒரு பொய்யைப் பிடித்துவிட்டால் மீதி உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

சித்தி: அடித்து ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால்?

வக்கீல் அக்கா: போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது சித்தி. அவன் சொன்னதை வைத்து ஏதாவது பொருளைக் கண்டெடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்வார்கள், அதனால்தான் வாயை அளந்து திறக்கச் சொல்கிறேன். கைதே செய்தாலும் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், வீட்டில் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும், டாக்டரிடம் காட்ட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். அடி விழுந்திருந்தால் அங்கேயே வாய் திறந்து சொல்ல வேண்டும். பலர் ‘ஒன்றுமில்லை ஐயா’ என்று சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போன பிறகு அழுகிறார்கள், அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

சித்தி: என்னையும் விசாரிக்க வேண்டுமாம், சாயங்காலம் வரச் சொல்லிப் போனில் சொன்னார்கள்.

வக்கீல் அக்கா: நீங்கள் போக வேண்டாம். பெண்களைச் சாட்சியாக விசாரிப்பதென்றால் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

அத்தை: வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் கண்ணு? எதிர்வீட்டுப் பையனுக்காகக் கேட்கிறேன்.

வக்கீல் அக்கா: 15100க்குப் போன் போடச் சொல்லுங்கள் அத்தை, சட்டப் பணிகள் ஆணைக்குழு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

தம்பி, மேனேஜர் மெயில்களையும் சம்பளச் சீட்டையும் நகல் எடுத்து வை. அசலைக் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்காதே. 9.30க்கு ஸ்டேஷன் வாசலில் இருப்பேன்.

பெரியப்பா: நானும் வரட்டுமா?

வக்கீல் அக்கா: வாருங்கள் அப்பா. ஆனால் உள்ளே போய் யாரிடமும் நியாயம் பேசாதீர்கள்.