வெள்ளைக் காய் கையில் வந்தால் என்ன ஆடுகிறீர்கள்? உதை வாங்கிய கதைகளோடு சொல்லுங்கள்

குரோம்பேட்டையிலிருந்து:

2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்திருந்தார்களே, அந்தப் பாலத்தில் டிராஃபிக்கில் மாட்டி நின்ற அன்றுதான் மறுபடி செஸ் ஆட வேண்டும் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தோடு விட்டது. அப்போது எனக்கு 41 வயது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்களில் பொடிப்பிள்ளைகளிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் நகர்த்தல்களில், முதலில் பிடித்துக்கொண்டது இத்தாலியன். இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4 (எழுத்து நெடுக்கு வரிசை, எண் குறுக்கு வரிசை; காயின் பெயர் இல்லையென்றால் அது சிப்பாய்). கறுப்பு தன் இன்னொரு குதிரையை எஃப்6-இல் வைத்தால் நம் குதிரை ஜி5-க்குப் பாய்ந்து எஃப்7-ஐக் குறிவைக்கும். அவர் டி5 என்று தடுப்பார், நாம் சிப்பாயால் எடுப்போம். அவர் யோசிக்காமல் குதிரையால் திருப்பி எடுத்தால் தீர்ந்தது. நம் குதிரை எஃப்7-இல் விழுந்து அவர் ராஜாவை நடுரோட்டுக்கு இழுத்துவரும். ஃப்ரைட் லிவர் என்று பெயர், அதாவது ஈரல் வறுவல். மொபைலில் இதை வைத்துக்கொண்டே ஏகப்பட்ட ஆட்டம் ஜெயித்தேன்.

அப்புறம் வேளச்சேரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ரேபிட் டோர்னமென்ட், அதாவது குறைந்த நேர ஆட்டம். எதிரே உட்கார்ந்த பையனுக்குக் கால் தரையைத் தொடவில்லை. நான் குதிரையை ஜி5-இல் வைத்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அவன் டி5, நான் எடுத்தேன். அவன் திருப்பி எடுக்கவில்லை. சி6 குதிரையை ஏ5-இல் வைத்து என் பிஷப்பைத் தொட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். அவ்வளவுதான், எனக்குத் தெரிந்த பாடம் முடிந்துவிட்டது. ஹெச்6, இ4 என்று அடுத்தடுத்துச் சிப்பாயைத் தள்ளி என் குதிரையை விரட்டு விரட்டென்று விரட்டினான். கணக்கில் ஒரு சிப்பாய் எனக்குத்தான் கூடுதல். ஆனால் அவன் காய்கள் எல்லாம் தெருவில், என்னுடையவை எல்லாம் வீட்டுக்குள். முடிந்ததும் கை கொடுத்துவிட்டுக் கேட்டான்: "அங்கிள், உங்களுக்கு ஃப்ரைட் லிவர் மட்டும்தான் தெரியுமா?"

அதன்பின் லண்டன் ஓப்பனிங், ஸ்காட்ச் ஓப்பனிங், திரும்ப லண்டன் என்று தாவிக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் எப்படி ஒன்றில் வந்து நின்றீர்கள்? 2000 ரேட்டிங்குக்கு (ஆட்டத் திறனுக்குத் தரும் புள்ளி) மேல் உள்ளவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இது எங்களைப் போன்றவர்களுக்கு.

பெரம்பூரிலிருந்து:

எனக்கு ஆடத் தெரியாது, ஆடுவது என் மகள். டோர்னமென்ட் நடக்கும் இடத்தில் வாசற்படியில் தயிர்சாத டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களில் நானும் ஒருத்தி. கேட்டுக் கேட்டே இவ்வளவும் தெரியும்.

அவளுக்கு மாஸ்டர் முதலில் சொல்லிக்கொடுத்தது லண்டன் சிஸ்டம். டி4, பிஷப் எஃப்4, அப்புறம் இ3, சி3, குதிரை இரண்டும், இன்னொரு பிஷப் டி3. கறுப்பு என்ன செய்தாலும் நாம் கட்டுவது ஒரே வீடுதான் என்றார். ஆறு மாதம் நன்றாகத்தான் போனது, இரண்டு கப் கூட வாங்கினாள். பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதிரே இருப்பவர் நகர்த்தி முடிக்கும் முன்பே இவள் கை அடுத்த காயின் மேல் இருக்கும். ஒரு ஆட்டத்தில் கறுப்பு ராணி பி6-க்கு வந்து பி2 சிப்பாயைத் தொட்டதைப் பார்க்கவே இல்லை. இன்னொன்றில் கறுப்புக் குதிரை ஹெச்5-க்கு வந்து எஃப்4 பிஷப்பைத் தின்றுவிட்டது. ஹெச்3 போட்டு வைத்திருந்தால் பிஷப் ஹெச்2-க்கு ஓடியிருக்கலாமாம். ஜி6 ஆடுகிறவர்களிடமும் அதே டி3 பிஷப்தான். ஜி6 சிப்பாயில் போய் முட்டிக்கொண்டு சும்மா நிற்கும்.

மாஸ்டரிடம் நானே போய்க் கேட்டு இத்தாலியனுக்கு மாற்றச் சொன்னேன். குரோம்பேட்டை அண்ணா ஆடிய வறுவல் வேண்டாம் என்று சொல்லி, சி3, டி3 என்று மெதுவாக ஆடுவதைச் சொல்லிக்கொடுத்தார். முதல் மூன்று டோர்னமென்ட்டில் பாயின்ட் பறிபோனது, வீட்டில் எனக்குத்தான் திட்டு. இப்போது ஆட்டம் முடிந்து வந்தால் பேசுகிறாள். பி1 குதிரை டி2 போய், எஃப்1 போய், ஜி3-க்குப் போவதைக் காட்டி, "பெரம்பூர்ல இருந்து சென்ட்ரலுக்கு ஆவடி சுத்திப் போற மாதிரி இருக்குல்லம்மா? ஆனா இதுதான் வழி" என்றாள். லண்டன் ஆடியபோது இப்படி ஒரு வார்த்தை அவள் சொன்னதில்லை. லண்டன் மோசம் என்று நான் சொல்லவில்லை. என் பெண்ணுக்கு அது வர வேண்டிய காலத்துக்கு முன்பே வந்துவிட்டது.

ஆவடியிலிருந்து:

மேலே என் ஊர்ப் பெயரைப் பார்த்ததால் வந்தேன். நான்கு ஓப்பனிங் கோர்ஸ் காசு கொடுத்து வாங்கினேன், நான்கிலும் இரண்டாவது அத்தியாயம் தாண்டவில்லை. 2024 மார்ச்சில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கை ஏற்றிவிட்டபோது 1180-இல் கிடந்த நான் ஒரே நாளில் 1508 ஆனேன். இதுவரை எனக்கு அதிகப் புள்ளி வாங்கித் தந்த ஓப்பனிங் அதுதான்.

மயிலாப்பூரிலிருந்து:

எழுபதுகளின் கடைசியில் சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப் இருந்தது. கல்லூரி முடிந்து நேரே அங்கே போய்விடுவேன். ஆனந்தும் சிறுவனாக ஆடிப் பழகிய இடம் அது. அவரோடு ஆடினேன் என்று பீலா விட மாட்டேன்.

நான் அப்போது கிங்ஸ் காம்பிட் பைத்தியம். இ4, இ5, உடனே எஃப்4. சிப்பாயைக் கொடுத்து என் ராஜாவின் கதவையும் நானே திறந்து வைப்பேன். தோற்றதுதான் அதிகம். ஆனால் ராஜா வெட்டவெளியில் நின்றால் என்ன நடக்கும் என்பது உடம்பில் ஏறிவிட்டது. இன்றைக்கு 67 வயதில் கேஸ்லிங் செய்ய, அதாவது ராஜாவை யானையின் காவலில் ஓரமாக ஒதுக்க, நான் மறந்ததே இல்லை.

தாவுவதைப் பற்றி ஒன்று. ஆனந்த் பெரும்பாலும் இ4 ஆட்டக்காரர். 2008-இல் பான் நகரில் உலகப் பட்டத்துக்கான மேட்ச்சில் கிராம்னிக்குக்கு எதிராக டி4-க்கு மாறி ஜெயித்தார். அதைப் பார்த்து நம் பிள்ளைகளும் மாதம் ஒன்று மாற்றினால் எப்படி? அவருக்குப் பின்னால் அத்தனை வருட இ4 இருந்தது. 2013-இல் நம் சென்னையிலேயே உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனோடு ஒன்பதாவது ஆட்டம் நடந்தபோது நெஞ்சு படபடக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றும் டி4. ஓப்பனிங்கிலிருந்து அருமையான தாக்குதல் கிடைத்தது. 28-ஆவது நகர்த்தலில் எஃப்1-க்குப் பிஷப் போக வேண்டிய இடத்தில் குதிரை போனது, ஆட்டம் அங்கேயே முடிந்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி, ஸ்காட்சை ஏன் விட்டீர்கள்? மூன்றாவது நகர்த்தலிலேயே டி4 வந்து நடுக்கட்டம் திறந்துவிடுகிறது, மனப்பாடமும் குறைவு. உங்களுக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேளச்சேரியிலிருந்து:

காலேஜ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். குயின்ஸ் காம்பிட் ஆடுகிறேன், டி4, டி5, சி4. 2024-இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்ட மேட்ச்சில் மூன்றாவது ஆட்டத்தைக் குகேஷ் இந்த வழியில்தான் ஜெயித்தார். சி4 சிப்பாயை டி5-இல் மாற்றிக்கொள்ளும் அந்த வகையில், பி4, பி5 என்று தள்ளி அவர்களுடைய சி6 சிப்பாயைப் பலவீனமாக்கலாம். திட்டம் தெரிந்தால் நகர்த்தல் வரிசை மறந்தாலும் ஆடலாம்.

ஆனால் 1400 ரேட்டிங்கில் யாரும் அதை ஆட விடுவதில்லை சார். சி4 சிப்பாயை எடுத்துக்கொண்டு பி5 போட்டு விட மாட்டேன் என்கிறார்கள். இ3, பி5, ஏ4, சி6. அப்புறம் ஏ சிப்பாயால் பி5-இல் எடுத்து, அவர்கள் திருப்பி எடுத்ததும் ராணியை எஃப்3-க்குக் கொண்டுவந்தால் மூலையில் ஏ8 யானை மாட்டும். அதைக் காப்பாற்றக் குதிரையையோ பிஷப்பையோ கொடுத்தாக வேண்டும். ஒரே டோர்னமென்ட்டில் இரண்டு பேர் இதில் விழுந்தார்கள். அதில் ஒருவரிடம் ஒரு காய் கூடுதலாக வைத்துக்கொண்டே நான் தோற்றேன். அதைத் தனியாக எழுதுகிறேன்.

குரோம்பேட்டையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. மயிலாப்பூர் சார், ஸ்காட்சை விட்டதற்குக் காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டு ஆட்டம் தோற்றேன், விட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கிளாசிக்கலில் (நீண்ட நேர ஆட்டங்களில்) நான் எழுதி வைத்திருந்த ஸ்கோர்ஷீட்களை எடுத்துப் பார்த்தேன். வெள்ளையில் தோற்றவை ஒன்பது. அதில் ஏழில் பதினைந்தாவது நகர்த்தல் வரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன ஞாயிறு அதே பையன் கிடைத்தான். கால் இப்போது தரையைத் தொடுகிறது. பெரம்பூர்ப் பெண் ஆடும் மெதுவான இத்தாலியனையே ஆடினேன், குதிரையும் ஆவடி சுற்றி ஜி3-க்குப் போய்ச் சேர்ந்தது. கடைசியில் ஆளுக்கு ஒரு யானையும் நான்கு சிப்பாயும் மிச்சமிருந்தபோது அவசரப்பட்டுத் தோற்றேன், ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கை கொடுக்கும்போது கேட்டான்:

"என்ன அங்கிள், இந்தத் தடவை ஜி5 போகல?"