எல்லைப்படுத்தும் தாக்கி: தங்கச்சிக்கு எப்படி விளங்கப்படுத்தலாம்?

வணக்கம், இங்கே இரசாயனவியல் படிப்பிக்கிற ஆசிரியர்கள், கம்பஸ் பிள்ளைகள் யாராவது கொஞ்சம் உதவுங்கோ. கோண்டாவிலில் இருக்கிற என் சித்தியின் மகள் உயர்தரம் தொடங்கியிருக்கிறாள், மூல் (பொருளில் எத்தனை துணிக்கை என்று எண்ணுகிற அலகு) கணக்கு வரைக்கும் நல்லாப் போகிறது, ஆனால் எல்லைப்படுத்தும் தாக்கி, அதாவது தாக்கத்தில் முதலில் முடிந்துபோகிற பொருள், வந்தவுடன் எது குறைந்த மூலோ அதுதான் விடை என்று எழுதிவிடுகிறாள்.

உதாரணத்துக்கு 28 கிராம் நைதரசனும் 4 கிராம் ஐதரசனும் சேர்ந்து அமோனியா வருகிற கணக்கு. நைதரசன் 1 மூல், ஐதரசன் 2 மூல், ஆகவே நைதரசன்தான் முதலில் முடியும் என்கிறாள். சமன்பாட்டில் 1 மூல் நைதரசனுக்கு 3 மூல் ஐதரசன் வேணும், இருப்பது 2தான், அதனால் முடிவது ஐதரசன், வருவது ஏறத்தாழ 22.7 கிராம் அமோனியா, 9.3 கிராம் நைதரசன் மிச்சம். கூட்டினால் 32 கிராம் சரியாக வருகிறது, அதைக் காட்டியும் பார்த்தேன். 5 சைக்கிள் சட்டகமும் 8 சில்லும் இருந்தால் எத்தனை சைக்கிள் பூட்டலாம் என்று கேட்டால் 4 என்று உடனே சொல்கிறாள், கணக்கில் மட்டும் அது வருகுதில்லை!

மூல் எண்ணிக்கையைச் சமன்பாட்டுக் குணகத்தால் (சமன்பாட்டில் அந்தப் பொருளுக்கு முன்னால் இருக்கிற எண்ணால்) பிரித்து, சிறியது எதுவோ அதைப் பிடி என்று சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் ஏன் பிரிக்கிறோம் என்று தெரியாமல் பாடமாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. தொடக்கம், தாக்கமடைந்தது, மீதி என்று அட்டவணை போடுவது நல்லதா? அமிலத்தின் செறிவும் கனவளவும் தந்து மகனீசியத்தோடு கேட்கிற கணக்குகள் தமிழில் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கோ, இலகுவானதிலிருந்து தொடங்கினால் நல்லம்.